கிள்ளிப் போன கொழுந்து

காற்று ஒடித்த காம்பு வேறு, ஆடு கடித்த காம்பு வேறு, நகத்தால் கிள்ளிய காம்பு வேறு. செடி விற்றுப் பிழைக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நர்சரியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அன்று காலை நான் குனிந்து பார்த்தது மூன்றாவது வகை. ஒரு மணி பிளான்ட் கொடியின் நுனியைச் சாண் நீளத்துக்கு, கணுவோடு சேர்த்து, பதமாகக் கிள்ளியிருந்தார்கள். எடுத்த கைக்குச் செடி வைத்துப் பழக்கம் உண்டு. பழக்கமில்லாத கை வெறும் இலையைப் பறித்துக்கொண்டு போயிருக்கும்.

வெளியே வெயிலில் நிற்கும் ரோஜாவையோ செம்பருத்தியையோ யாராவது கிள்ளினால் நான் திட்டித் தீர்த்துவிட்டு மறந்துவிடுவேன். இது நடந்திருப்பது வலை அடித்துப் பூட்டிய நெட் ஹவுஸுக்குள். அதன் பூட்டுக்கு ஒரு சாவி என் இடுப்பில், இன்னொன்று என் வீட்டுக்காரரிடம்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் எங்கள் நர்சரி. கோட்டை பார்க்க வருகிற கார்க்காரர்கள் திரும்பும்போது நிறுத்திச் செடி வாங்குவார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் போனை நீட்டி, பாதி பச்சையும் பாதி பால் வெள்ளையுமாக இலை உள்ள மணி பிளான்ட்டைக் காட்டி, இது இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கையிருப்பையெல்லாம் போட்டு, சென்னையில் இருக்கும் ஓர் இறக்குமதியாளர் மூலமாகத் தாய்லாந்திலிருந்து வரவழைத்தோம்.

வெளிநாட்டுச் செடி என்றால் பெட்டியைப் பிரித்தோம், தொட்டியில் வைத்தோம், விற்றோம் என்று முடிவதில்லை. கொண்டுவர முதலில் அனுமதி வாங்க வேண்டும். நோயும் பூச்சியும் இல்லையென்று அந்த நாட்டு அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். வேரில் துளி மண் ஒட்டியிருக்கக் கூடாது. சென்னையில் இறங்கியதும் சோதனை. அதற்குப் பிறகும் சோதனை அதிகாரிகள் விடமாட்டார்கள். நம் தோட்டத்திலேயே தனியாக வலை அடித்து, இரட்டைக் கதவு போட்டு, உள்ளே நுழைகிறவர் காலை நனைத்துப் போக மருந்துத் தண்ணீர் வைத்து, அவர்கள் சரி என்று சொல்லும் வரைக்கும் செடியை அடைத்து வைக்க வேண்டும். அதுவரை விற்கக் கூடாது, பதியன் போடக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, உதிர்ந்த இலையைக் கூட எரித்துவிட வேண்டும். பூச்சி கண்டால் உடனே சொல்ல வேண்டும். மோசமென்றால் மொத்தத்தையும் அழிக்கச் சொல்வார்கள். போட்ட காசு போனதுதான்.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ பிடித்துப் போயிற்று. செடியை நம்பாதே, மண்ணை நம்பாதே, பெட்டியை நம்பாதே, உன் செருப்பையே நம்பாதே என்று சொல்கிற விதிகள். எழுதியவர் யாரோ என் ஜாதகத்திலேயே பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்கிறவள் நான்.

அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் அண்ணன் ஆசையாக வைத்த மரவள்ளி, வெளியூரிலிருந்து வந்த மாவுப்பூச்சியால் நுனி சுருண்டு, குட்டையாகி, கொல்லை முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தது போல் வெளுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தப் பூச்சி யாரோ ஒருவர் கையில்தான் ஊருக்குள் வந்திருக்கும். அந்தக் கை யாருடையதென்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

அதனால் கிள்ளிய காம்பைப் பார்த்த மாத்திரத்தில் விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். முதலில் குரங்கு. கோட்டைக் குரங்குகள் எங்கள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வரும். ஆனால் குரங்கு வலையைக் கிழிக்காமல் பூட்டைத் திறந்து உள்ளே போகாது. அடுத்து, எங்களுக்கு எதிர்ப்புறம் நர்சரி வைத்திருப்பவர். செடி வந்த நாளிலிருந்து, “எப்ப ரிலீஸு?” என்று சினிமாப் படத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கடைக்குப் போய்ப் பூந்தொட்டி விலை விசாரிப்பதுபோல் எல்லா மூலையிலும் பார்த்தேன். ஒன்றுமில்லை. “இன்னாக்கா, எதனா தொலைஞ்சிடுச்சா?” என்றார். எப்படித் தெரியும் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

தண்ணீர் விடுகிற அம்மாவைக் கேட்டேன். அவர் பைப்பைக் கீழே போட்டார்.

“யக்கா, வெளில இருக்கற செடிக்குத் தண்ணி வுடவே எனக்கு இடுப்பு வுட்டுப் போவுது. அந்தக் கூண்டுக்குள்ள போயி நான் இன்னா பண்ணப் போறேன்? வூட்டுக்காரரு கிட்டயும் ஒரு சாவி இருக்குதுல்ல, அவரக் கேளு.”

நியாயமான பேச்சு. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “எனக்கு இன்னா தெரியும்” என்று சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் காலித் தொட்டிகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அடுக்க ஆரம்பித்தார். கல்யாணமானதிலிருந்து இவர் பொய் சொல்லும்போதெல்லாம் எதையாவது அடுக்குவார்.

மறுபடி உள்ளே போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். கிள்ளிய செடிக்குப் பக்கத்துச் செடியில், இலைக்கு அடியில், நரம்பை ஒட்டிப் பஞ்சு மாதிரி ஒன்று. நம்மூர் மாவுப்பூச்சி எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி. வாலில் மீசை போல இரண்டு நீள நூல். உள்ளே பூச்சி இருக்கிறது. உள்ளிருந்து ஒரு கொழுந்து வெளியே போயிருக்கிறது. எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வீட்டில் அப்போது இன்னொரு கவலையும் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவலூர்பேட்டையிலிருந்து என் பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். பையனுக்குத் திண்டிவனத்தில் வேலை. என் பெண்ணுக்கு அவனைப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, போன் அடித்தால் அவள் பார்க்கிற பார்வையே சொன்னது. பையனின் அம்மா பெரிய உருவம், பெரிய சிரிப்பு. “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று போனவர்கள்தான், அப்புறம் சத்தமில்லை. கேசரியில் சர்க்கரை கூடிப்போயிற்றா, இவர் ஏதாவது உளறினாரா என்று நான் அந்தப் பக்கமும் துப்பு துலக்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்த என் பெண் போனை என் முன்னால் நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, இது நம்ம செடி தான?”

பையனின் அம்மா காலை வணக்கத்தோடு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். பிரிட்ஜுக்கு மேலே ஊறுகாய் பாட்டில், பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் கொடி நுனி. பாதி பச்சை, பாதி பால் வெள்ளை. பாட்டிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அடுக்கிய தொட்டிகளை மறுபடி அடுக்கப் போனார்.

“தொட்டிய வுடுங்க. நீங்கதான உள்ள கூட்டினு போனது?”

“நீ அடுப்படில இருந்த. அவங்க இன்னா இன்னா செடி இருக்குதுன்னு கேட்டாங்க. வெளிநாட்டுச் செடி வச்சிருக்கற வூடுன்னா ஒரு மதிப்பா இருக்கும்னு... கால நனைச்சிட்டுத்தான் உள்ள வுட்டேன்.”

காலை நனைத்தாராம். கையைப் பார்க்கவில்லை. இலைக்கு அடியில் பூச்சி இருப்பதையும் சொன்னேன்.

“த பாரு,” என்றார் குரலைத் தாழ்த்தி, “ஒரு கொழுந்து. யாருக்கும் தெரியாது. பூச்சிக்கு மருந்தடிச்சிட்டு கம்முனு இரு. பொண்ணு விஷயம் இருக்குது.”

அவர் சொன்னதும் எனக்கு ஒரு கணம் அப்படியே இருந்துவிடலாமா என்று தோன்றியது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன் கண்ணுக்கு முன்னால் வந்தார். செடிகளைச் சோதிக்க வருகிற ஆபீசருக்குப் போன் செய்து, பூச்சி இருப்பதையும் கொழுந்து வெளியே போனதையும் சொன்னேன்.

“வெளிய போனது எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார். நானே கொண்டாந்துடறேன்.”

“நாளன்னைக்கு வரேன். முழுசா வந்துடணும். ஒரு இலை விட்டுப்போனாலும் நான் ஆளுங்களோட அந்த வீட்டுக்கே போய்ப் பாக்க வேண்டியிருக்கும்.”

போனை வைத்ததும் என் பெண் சொன்னாள்: “அம்மா, அவங்க வீட்டு வாசல்ல ஜீப்பு நின்னுச்சுன்னா, அவங்க நம்ம பக்கமே திரும்ப மாட்டாங்க.” இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பாள்.

மறுநாள் காலை தடித்த பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு, கத்தரிக்கோல் எல்லாம் எடுத்துக்கொண்டு தனியாக அவலூர்பேட்டை பஸ் ஏறினேன். இவரைக் கூட்டிப்போனால் வழியில் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். பஸ் முழுக்க ஒரே யோசனை. பெண் பார்க்க வந்த வீட்டில் நீங்கள் திருடினீர்கள் என்று பையனின் அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

அவர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். “வாம்மா, வா! போன் கூட பண்ணாம வந்துட்ட. இன்னா சாப்பிடற?”

இவ்வளவு ஆசையாக வரவேற்பவர் ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று எனக்குள் ஒன்று அரித்தது. என் கண் பிரிட்ஜுக்கு மேலே போயிற்று. அவர் கண்ணும் கூடவே போயிற்று. வாய் நிறையச் சிரித்தார்.

“பாத்துட்டியா? அன்னைக்கே நீ பாத்திருப்பன்னுதான் நெனச்சேன். பாத்தும் பாக்காத மாதிரி இருந்தாங்களே, இன்னா கொணம்னு வூட்ல கூட மெச்சிக்கினேன்.”

“நான் பாக்கலக்கா. பாத்திருந்தா கையப் புடிச்சிருப்பேன்.”

சிரிப்பு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

“மணி பிளான்ட்ட கேட்டா வாங்குவாங்க?” என்றார். “கேட்டு வாங்கினா அது எங்க தழைக்குது? திருடி வச்சாத்தான் வரும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஒரு எலைக்கா பஸ் ஏறி வந்த? பொண்ணு பாக்க வந்த எடத்துல கைய நீட்டினவன்னு சொல்லிட்டுப் போவ வந்தியா?”

எனக்கும் அந்த நம்பிக்கை தெரியும். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் பழைய கொடியே நான் ஒரு டாக்டர் வீட்டு வராந்தாவில் கிள்ளியதுதான். மணி பிளான்ட் திருடுவதை யாரும் திருட்டில் சேர்ப்பதில்லை. அது ஒரு மரியாதை; உன் வீடு நன்றாயிருக்கிறது, அதில் கொஞ்சம் எனக்கும் வேண்டும் என்று சொல்வது. அரசாங்க விதியில் மட்டும் அதற்கு இடமில்லை.

நான் விதியைச் சொல்லவில்லை. அண்ணனுடைய மரவள்ளியைச் சொன்னேன். சுருண்ட நுனியை, வெளுத்த கொல்லையை, அவர் அழுததைச் சொன்னேன். “எங்க கூண்டுல பூச்சி இருக்குதுக்கா. எந்தச் செடிக்குத் தாவும்னு எனக்குத் தெரியாது. உங்க கொல்லையில பப்பாளி நிக்குது, அதான் வந்தேன்.”

அவர் திரும்பிக் கொல்லையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் பாட்டிலை இறக்கி, ஒவ்வோர் இலையாகத் திருப்பினார். இலைக்காம்பு மடிப்பில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது.

“அய்யய்ய” என்று கையை உதறினார். அடுத்த நொடியே தன்னைச் சமாளித்துக்கொண்டு என் கையிலிருந்த கவரை வாங்கி, பாட்டிலோடு உள்ளே போட்டு, ரப்பர் பேண்டை இறுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இது மட்டும் இல்லம்மா. எதிர் வூட்டுக்காரி ஒரு கணு கிள்ளினு போனா. ரேஷன் கட பக்கத்துல இருக்கறவ ஒண்ணு. அடுப்படில இருந்தே பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

நான் எழுந்துவிட்டேன். “போயி கேட்டு வாங்கிடலாம்க்கா.”

“கேட்டா எடுக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணுவாளுங்க. ஒத்துக்கினா செடி பட்டுப்பூடும்ல.” கொஞ்சம் யோசித்தார். பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. “திருடினத திருடித்தான் எடுக்கணும். வா.”

பட்டப்பகலில் இரண்டு நடுவயதுப் பெண்கள் செடி திருடப் புறப்பட்டோம். எதிர் வீட்டில் அவர் வாசலில் நின்று ரேஷன் சர்க்கரையைப் பற்றிச் சண்டைக்கு நிற்பதுபோல் உரக்கப் பேசினார். நான் கை கழுவுகிற சாக்கில் பக்கவாட்டில் போய்க் கொட்டாங்குச்சியில் நட்டிருந்ததை மண்ணோடு கவரில் கவிழ்த்தேன். மண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்று ஞாபகம் இருந்ததே பெரிய விஷயம்.

இரண்டாவது வீட்டில் மாட்டிக்கொண்டேன். ஜன்னலில் இருந்த பாட்டிலைக் கவருக்குள் விடும்போது அந்த வீட்டுப் பெண் துணிக்கூடையோடு எதிரே வந்து நின்றார். என் கையை நேராகப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இன்னா வெயிலு அடிக்குது” என்று தனக்குத்தானே சொல்லியபடி துணி உலர்த்தப் போய்விட்டார்.

அவர் செய்தது போல் ஒரு காரியத்தை நான் வாழ்நாளில் செய்ததில்லை. எதையாவது பார்த்தால் கேட்டுவிடுவேன். கேட்டு, குடைந்து, அடிவரைக்கும் போய்விடுவேன். பார்த்தும் பார்க்காமல் போவது எனக்கு வராத வித்தை. திரும்பி நடக்கும்போது எனக்கு ஏனோ கண் கலங்கியது.

“பூச்சி விஷயத்த அவளுங்க கிட்ட சாயங்காலமா நானே சொல்லிக்கறேன்,” என்றார் பையனின் அம்மா. “எதனா வெள்ளையா ஒட்டினு இருக்குதான்னு அக்கம்பக்கமும் பாக்கச் சொல்றேன். ஆனா இந்தக் கவர நீ எடுத்துனு போவாத. நான் எடுத்தது. நாளைக்கு நானே கொண்டாந்து குடுக்கறேன்.”

கவரை அவரிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனமேயில்லை. வழியில் ஒரு கணுவை மறுபடி கிள்ளிவிட்டால்? ஆனால் வேறு வழியும் இல்லை. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொன்னபடியே வந்தார். ஆபீசர் வருவதற்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கி, கவரை நேராக அவர் கையில்தான் கொடுப்பேன் என்று காத்திருந்தார். ஆபீசர் இளவயதுக்காரர். கவரைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெட் ஹவுஸுக்குள் போய், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது.

“மருந்தடிச்சு வைக்கலாம்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா இது பல செடியில பரவியிருக்கு. ஒருதடவை வெளிய வேற போயிருக்கு. விட முடியாதும்மா.”

மொத்தத்தையும் பிடுங்கி, குழியில் போட்டு, அவர் கண் முன்னாலேயே எரித்தோம். பால் வெள்ளை இலைகள் முதலில் சுருங்கி, பிறகு கறுத்து, புகைந்து எரிந்தன. என் வீட்டுக்காரர் எதையும் அடுக்காமல் நின்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எல்லாம் எரிந்து முடிந்த பிறகு ஆபீசர், “நீங்க போன் பண்ணலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவலூர்பேட்டையில நான் தனியா போய்ச் சும்மா பாத்துக்கறேன், ஜீப் வராது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருந்ததாகத் தெரியவில்லை.

பையனின் அம்மா கை கழுவ வீட்டுக்குள் போனார். போனவர் வரவில்லை. கை கழுவ இவ்வளவு நேரமா? என் பெண் காபி போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை. வாசலில் என் பழைய மணி பிளான்ட் கொடி படர்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அதில் பூச்சி ஏதும் இல்லைதான். ஆனாலும் இன்றைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து ஓர் இலை கூட வெளியே போகக் கூடாது.

அவர் வெளியே வந்தபோது கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உள்ளே போகும்போது கையில் தொங்கிக்கொண்டிருந்த பை. நான் பையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். பையைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

மானமுள்ளவளாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நான் எட்டிப் பார்த்தேன். கைக்குட்டை, வெற்றிலைப் பொட்டலம், மாத்திரை அட்டை.

“உள் ஜிப்பையும் தொறக்கட்டுமா?”

“தொறங்க” என்றேன்.

திறந்தார். உள்ளே ஒரு பச்சைக் கண்ணாடி வளையல். என் பெண் தினமும் போட்டுக் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற வளையல்.

“அளவுக்கு,” என்றார் மெல்ல, சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. “தங்கத்துல போடணும்ல. கேட்டா அவளுக்குத் தெரிஞ்சிபூடும்னு எடுத்துட்டேன், சம்மந்தி.”

கையை நீட்டி அந்த ஜிப்பை நானே மூடினேன்.

அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகு, சாயங்காலம் என் பெண் அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

“அம்மா, என் பச்ச வளையல்ல ஒண்ணக் காணோம். இன்னைக்கு யார் யாரு உள்ள வந்தாங்க?”

“எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்லடி” என்றேன்.

அவள் தேடுவதை நிறுத்திவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.